ஆங்கில வழி முதுகலைப் பொருளியலும் குமரி மாவட்ட மாணவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கலை அறிவியல் கல்லூரிகளில் முதுகலை வகுப்புகளுக்கு விண்ணப்பம் வாங்கும் காலம் இது. இளங்கலைப் பொருளியலைத் தமிழ் வழியில் முடித்துவிட்டு, ஆங்கில வழியில் நடக்கும் முதுகலையில் சேரலாமா, சேர்ந்தால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டு என்னிடம் வரும் மாணவியர் ஆண்டுதோறும் சிலராவது இருக்கிறார்கள். அதே தயக்கத்தோடு சேர்ந்து, நான்கு பருவங்களையும் படித்து, நல்ல மதிப்பெண்ணும் கொஞ்சம் கசப்புமாக வெளியே வந்தவள் நான். இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு டியூசன் சென்டரில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த மாணவியரிடம் தனித்தனியாகச் சொல்லிவந்ததை, கல்லூரிகளும் பெற்றோரும் படிக்கும்படி தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீடு திருவட்டாறு பக்கம். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பாட்டி, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாக இருந்த காலத்தில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு வரை போனவர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி இம்மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னர் பிறந்த அம்மா தமிழில் படித்தார். நான் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தேன். மூன்று தலைமுறைக்கு மூன்று படிப்பு மொழி என்பது எல்லைப் பகுதியில் ஒன்றும் அதிசயம் இல்லை. ரப்பர் ஷீட்டுக்கு விலை பேசும்போது இன்றைக்கும் எங்கள் வீட்டில் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகத்தான் பேச்சு நடக்கும். இன்னொரு மொழி வந்து சேர்ந்தால் மிரண்டுபோகிற ஊர் இல்லை எங்களுடையது. ஆகவே, நான் எழுதப்போகும் குறை ஆங்கிலத்தின் மேல் உள்ள குறை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் விண்ணப்பித்த கல்லூரியில் முதுகலைப் பொருளியல் ஆங்கில வழியில் மட்டுமே இருந்தது. முதல் பருவத்தில், சேர்ந்த இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, நுண்ணியல் பொருளியல் வகுப்பில் ‘இன்டிஃபரன்ஸ் கர்வ்’ என்ற பாடத்துக்குப் பேராசிரியர் குறிப்புச் சொல்லிக்கொண்டே போனார். எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டேனே தவிர, ஒன்றும் பிடிபடவில்லை. அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். அக்கறையின்மை, அலட்சியம் என்று இரண்டு பொருள் போட்டிருந்தது. நோட்டில் அந்த வரிக்கு மேலே பென்சிலால் ‘அலட்சியக் கோடு’ என்று எழுதி வைத்துக்கொண்டு, நுகர்வோர் எதை அலட்சியப்படுத்துகிறார் என்று புரியாமல் இரண்டு நாள் குழம்பிக்கிடந்தேன். மூன்றாம் நாள் பேராசிரியர் கரும்பலகையில் படம் போட்டார். இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் சரிந்து, மூலைப் பக்கமாகக் குவிந்த கோடு. அதன்மேல் ஒரே ஒரு புள்ளியில் தொட்டுச் செல்லும் வரவுசெலவுக் கோடு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அது சமநோக்கு வளைகோடு. இளங்கலை முதலாண்டில் அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தக் கோட்டின்மேல் எந்தப் புள்ளியில் நின்றாலும் நுகர்வோருக்கு ஒரே அளவு மனநிறைவு என்பதையும், கோட்டின் சரிவு எதைக் காட்டுகிறது என்பதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். தெரிந்த ஆளே வேறு பெயரில் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயர் இதுதான் என்று அறிமுகம் செய்துவைக்கவும் அங்கே யாரும் இல்லை.

இதைப் பேராசிரியர்மேல் பழியாகச் சொல்லவில்லை. வகுப்பில் எங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக அவர் பெரும்பாலும் தமிழிலேயே பேசினார். வெளியே இருப்பவர்கள் பலருக்குத் தெரியாத செய்தி இதுதான்: ஆங்கில வழி என்று பலகை மாட்டியிருக்கும் வகுப்பில் விளக்கம் தமிழில் நடக்கிறது, குறிப்பு ஆங்கிலத்தில் சொல்லப்படுகிறது, மூன்று மணி நேரத் தேர்வு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. விளங்கிக்கொள்ளும் மொழி ஒன்று, எழுதிக்காட்டும் மொழி இன்னொன்று. நடுவில் இரண்டையும் சேர்த்துக் கட்டும் வேலை மாணவர் தலையில் விடப்படுகிறது. பெரும்பாலானோர் அந்த வேலையைச் செய்வதே இல்லை. விளங்கியதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, குறிப்பை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

நானும் அதைத்தான் செய்தேன். முதல் பருவத் தேர்வில் நுகர்வோர் உபரி, அதாவது ஒருவர் கொடுக்கத் தயாராக இருந்த விலைக்கும் உண்மையில் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் பற்றிய பத்து மதிப்பெண் வினா வந்தது. அதற்காகப் பதினோரு வாக்கியங்களை வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். மூன்று வரி எழுதினேன். நான்காவது வாக்கியம் வரவில்லை. நான்காவது இல்லாமல் ஐந்தாவதும் வர மறுத்தது. படத்தைப் போட்டு, உபரிப் பகுதியைப் பென்சிலால் நிழலிட்டு, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் அடுத்த வினாவுக்குப் போனேன். அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அதே விடையை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். தோவாளைப் பூச்சந்தையில் கிலோ முந்நூறு ரூபாய் கொடுத்தாவது பிச்சி வாங்கியே ஆக வேண்டும் என்று வருகிற வியாபாரிக்கு அது இருநூற்றுக்குக் கிடைத்துவிட்டால், மிஞ்சுகிற நூறு ரூபாய் அவர் மனக்கணக்கில் எங்கே போய் உட்காருகிறது என்பதிலிருந்து தொடங்கி, ஓணத்துக்கு முந்தைய நாட்களில் கேரளத்து வியாபாரிகள் திரண்டு வரும்போது அந்த மிச்சம் எப்படிச் சுருங்குகிறது என்பது வரைக்கும், தேவைக் கோட்டை வைத்தே இரண்டு பக்கம் எழுத எனக்குத் தெரிந்திருந்தது. விடைத்தாளில் அதில் ஒரு வரிகூட இல்லை.

சொற்கள் தரும் சிக்கல் வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலாகவும் இருப்பதில்லை. நிலத்திலிருந்து கிடைக்கும் மிகை வருமானம் பற்றிப் பொருளியலாளர் ரிக்கார்டோ 1817-இல் வகுத்துச் சொன்ன கோட்பாட்டை ஆங்கிலத்தில் ‘ரென்ட்’ என்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டு வாடகைதான் நினைவுக்கு வந்தது. தமிழ்ப் பாடநூல்களில் அது ‘வாரம்’. விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. எங்கள் பக்கத்தில் நிலத்தைப் பயன்படுத்துவதற்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுப்பதற்குப் பாட்டம் என்று பெயர். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் எட்டிப் பாய்ந்து கன்னிப்பூவும் கும்பப்பூவும் இரண்டு போகமும் விளைகிற வயலுக்கு ஒரு பாட்டம், மழையை நம்பிக்கிடக்கும் மேட்டு நிலத்துக்கு ஒரு பாட்டம் ஏன் என்று கேட்டால், ரிக்கார்டோவின் கோட்பாட்டில் பெரும்பகுதியை நாஞ்சில் நாட்டு விவசாயி யாரும் சொல்லிவிடுவார். நிலத்தின் வளம் வேறுபடுவதால்தான் அந்த மிகை வருமானம் பிறக்கிறது என்பதே அதன் சாரம். ரென்ட், வாரம், பாட்டம் என்ற மூன்று சொற்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது எதைக் குறிக்கிறது, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பாடத்திட்டத்தில் இடம் இல்லை.

ஒரு செய்தியையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். எல்லாத் தாள்களிலும் நாங்கள் பின்தங்கிவிடவில்லை. பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் அளந்து பார்க்கும் பொருளாதார அளவையியலில், பிழைகளின் சிதறல் ஒரே சீராக இல்லாததைக் குறிக்கும் ‘ஹெட்டிரோஸ்கெடாஸ்டிசிட்டி’ என்ற சொல் வந்த நாளில், மழலையர் வகுப்பிலிருந்தே ஆங்கில வழியில் படித்த தோழிகளும் எங்களோடு சேர்ந்துதான் விழித்தார்கள். கிரேக்க மூலத்திலிருந்து வந்த அந்தச் சொல் யாருக்கும் சொந்தம் இல்லை. கணக்கு கைவந்தவர்கள் அந்தத் தாளில் முந்தினார்கள். அவர்களில் தமிழ் வழி மாணவர்களே அதிகம். சொல்லால் மறைபடாமல் பொருள் நேரடியாகக் கண்ணுக்குத் தெரிந்தால் இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு அந்த ஒரு தாளே போதுமான சாட்சி.

என் இறுதிப் பருவ ஆய்வேடு, எங்கள் பகுதியின் சிறு ரப்பர் விவசாயிகளைப் பற்றியது. வினாப்பட்டியலை ஆங்கிலத்தில் தயாரித்து, வீடு வீடாகப் போய்த் தமிழில் கேட்டு, விடையைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதினேன். குலசேகரம் பக்கத்தில் ஒரு பெரியவர், விலை ஏறினால் ஏன் உடனே கூடுதலாக விற்க முடிவதில்லை என்று கேட்டதற்கு, “மரம் நட்டு ஏழு வருசம் களிஞ்சாதான் மக்களே பால் பாக்க முடியும், வெல அது வரைக்கும் நிக்குமா?” என்றார். குறுகிய காலத்தில் அளிப்பு நெகிழ்ச்சியற்றது, அதாவது விலை ஏறினாலும் விற்பனைக்கு வரும் அளவு உடனே கூடாது என்று ஆய்வேட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன். ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் விலைக் கோட்பாட்டில் கால அளவுக்கு ஏன் அத்தனை அழுத்தம் கொடுத்தார் என்பது நான்கு பருவம் படித்தும் விளங்காமல் இருந்தது; அந்தத் திண்ணையில் விளங்கியது. ஆங்கிலச் சொல்லும் அன்றுதான் எனக்குச் சொந்தமானது. வாய்மொழித் தேர்வில் அந்தப் பகுதியை மட்டும் யாரும் எழுதிக்கொடுக்காமல், தடுமாறினாலும் என் சொந்த ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, முதுகலையையும் தமிழ் வழிக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்லக்கூடும். அதை நான் முழுதாக ஏற்கவில்லை. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வில் பொருளியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது, தமிழில் இல்லை. இந்தியப் பொருளாதாரப் பணிக்கு மத்தியத் தேர்வாணையம் நடத்தும் தேர்வை ஆங்கிலத்தில் மட்டுமே எழுத முடியும். ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரத் தொகுப்புகளையும் ஆய்விதழ்களையும் ஆங்கிலம் இல்லாமல் தொட முடியாது. இன்னும் அருகில் சொல்வதானால், நாகர்கோவிலிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாத திருவனந்தபுரத்தில், முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை உருவாக்குவதில் பங்கேற்ற பொருளியலாளர் கே. என். ராஜ் 1970-இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. நம் மாவட்டத்துப் பிள்ளை அங்கே போய் உட்கார வேண்டுமானால் ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். நான் கேட்பது அந்த ஆங்கிலத்தை உண்மையாகவே கற்றுக்கொடுங்கள் என்பதைத்தான். இப்போது நடப்பது ஆங்கிலக் கல்வியாகவும் இல்லை, தமிழ்க் கல்வியாகவும் இல்லை.

முதல் பருவத்தில் வாரம் இரண்டு மணி நேரமாவது, தமிழ் வழியில் வந்த மாணவர்களுக்குப் பொருளியல் சொற்களை இரு மொழியிலும் இணைத்துக் காட்டும் வகுப்பு ஒன்று வேண்டும். அவர்கள் ஏற்கெனவே அறிந்த பாடங்களிலிருந்தே அது தொடங்க வேண்டும். சமநோக்கு வளைகோடு தெரிந்தவளுக்கு அதன் ஆங்கிலப் பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். இதற்குப் புதிதாக நூல் எழுதக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரிப் பாடங்களைத் தமிழில் கொண்டுவருவதற்காக அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அரசு வெளியிட்ட பொருளியல் நூல்கள் பழைய நூலகங்களில் இன்னும் கிடக்கின்றன. எனக்கு அப்படி ஒன்று, அட்டை போய் நூல் தைத்த நிலையில் கிடைத்தது. அதன் கடைசிப் பக்கங்களில் இருந்த கலைச்சொல் பட்டியல் எந்த வழிகாட்டி நூலையும்விட எனக்கு உதவியது. சில சொற்கள் இன்று வழக்கில் மாறிவிட்டன என்பது உண்மை. அதையும் ஒரு பென்சிலால் திருத்திக்கொள்ளலாம்.

அடுத்தது எழுத்துப் பயிற்சி. நான்கு பருவங்களில் மனப்பாடக் குறிப்பு அல்லாத, என் சொந்த ஆங்கில வாக்கியங்களால் ஆன ஒரு பக்கத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆய்வேடுதான் முதல் முறை. வாரத்துக்கு ஒரு பக்கம், தப்பும் தவறுமாக இருந்தாலும் மாணவர் தாமே எழுதி, ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தால், இரண்டாம் ஆண்டில் மனப்பாடத்துக்கு வேலை இருக்காது. உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஐந்தை இதற்கு ஒதுக்கினால் யாரும் தட்டிக்கழிக்கவும் மாட்டார்கள். ஆசிரியர்களுக்கு வேலைப்பளு கூடும் என்பதை அறிவேன். கௌரவ விரிவுரையாளர்களாகக் குறைந்த ஊதியத்தில் இருப்பவர்களிடம் இதையும் சுமத்துவது நியாயமா என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை.

தேர்வைப் பொறுத்தவரை, பாடம் ஆங்கில வழியில் நடந்தாலும் மாணவர்கள் உள்ளூர் மொழியில் விடை எழுத அனுமதிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர் 2023 ஏப்ரலில் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் கேட்டுக்கொண்டார். அதை அப்படியே நான்கு பருவத்துக்கும் எடுத்துக்கொண்டால் ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் வராமலே போய்விடும் என்பது என் கருத்து. தோழிகள் பலர் இதில் என்னோடு உடன்படமாட்டார்கள். முதல் இரண்டு பருவங்களுக்கு மட்டும் விருப்பமுள்ளவர்கள் தமிழில் எழுதலாம் என்று வைத்து, வினாத்தாளை மட்டும் கடைசிவரை இரு மொழியிலும் அச்சிட்டால், வினாவே புரியாமல் விடையைக் கோட்டைவிடும் நிலைமையாவது இருக்காது.

கடைசியாக, பெற்றோர் கவனத்துக்கு ஒன்று. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் நேரடி நியமனங்களில் 20 விழுக்காட்டு இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2010-இல் வந்தது. பணிக்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி வரையிலும் எல்லா நிலைகளையும் தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்று 2020-இல் அது திருத்தப்பட்டது. பட்டப்படிப்பு மட்டுமே தகுதியாக உள்ள பணிகளுக்குப் போகிறவர்களுக்கு, முதுகலையை ஆங்கிலத்தில் படித்ததால் இழப்பு இல்லை. மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு முதுகலையே தகுதி என்பதால், ஆங்கில வழியில் படித்தவருக்கு அந்த 20 விழுக்காட்டில் இடம் கிடையாது. நான் சேர்ந்தபோது இதை யாரும் சொல்லவில்லை. படித்து முடித்து, பி.எட். படிப்பில் சேர்ந்த பிறகே தெரியவந்தது. தெரிந்திருந்தாலும் ஆங்கில வழியையே எடுத்திருப்பேனோ என்னவோ. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பதினைந்து ஆண்டுகள் சேர்த்துவைத்த உரிமை ஒரு கையெழுத்தில் போகிறது என்பதை அந்தக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அறிந்திருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்திலேயே இரண்டு வரியில் இதை அச்சிட்டுவிட்டால் கல்லூரிக்கு ஆகும் செலவு ஒன்றும் இல்லை.

இரண்டு ஆண்டுகளில் நான் எழுதிச் சேர்த்த சொற்பட்டியல் ஒரு நூற்றிருபது பக்க நோட்டில் இருக்கிறது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், அதற்குக் கீழே எங்கள் ஊரில் அதற்கு வழங்கும் சொல் இருந்தால் அதுவும். அதன் முதல் பக்கத்தில் ‘அலட்சியக் கோடு’ அடிக்கப்பட்டு ‘சமநோக்கு வளைகோடு’ என்று இருக்கும். அந்நோட்டின் முதல் பத்துப் பக்கங்களை நகலெடுத்து இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். மாவட்டத்தில் எந்தக் கல்லூரியின் பொருளியல் துறைக்காவது அது பயன்படுமானால், தங்கள் அலுவலகம் வழியாகக் கேட்டனுப்பினால் முழு நோட்டையும் நகலெடுத்துத் தருகிறேன்.

இங்ஙனம்,
முதுகலைப் பொருளியல் பயின்ற வாசகி,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.